மிஞ்சிய பாதி

தறிகள் நின்றதும் நாகமணிக்குக் காது போய்விட்டது போலிருந்தது. மாதத்துக்கு ஒரு தரம் இப்படித்தான். சத்தம் போயிற்று என்று புத்திக்கு எட்டுவதற்குள், போனது நம் காதுதானோ என்று ஒரு திடுக்கிடல் முந்திக்கொள்ளும். சோமனூரில் குழந்தைகள் தாலாட்டுக்குத் தூங்குவதில்லை, விசைத்தறிச் சத்தத்துக்குத்தான் தூங்கும், தறி நின்றால் விழித்துக்கொண்டு அழும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் அதைக் கேட்டுச் சிரித்தவள், இப்போது தறி நின்றால் தானும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். இன்று பராமரிப்பு நாள். துணைமின் நிலையத்தில் காலையில் கரண்டை நிறுத்தினால் சாப்பாட்டு வேளை தாண்டித்தான் விடுவார்கள். ஊருக்கு அது இனாமாக வந்த ஞாயிற்றுக்கிழமை. தறி ஓட்டுகிறவர்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள், பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் இருக்கிற போர்வையை எல்லாம் ஊறப்போட்டிருப்பாள். நாகமணி கூடத்துச் சிவப்புத் தரையில் தலையணைகூட இல்லாமல் மல்லாந்து படுத்தாள். மேலே விசிறி நின்றிருந்தது. ஓடுகிறபோது ஒரே வட்டமாகத் தெரிகிற மூன்று இறக்கையும் நின்றவுடன் தனித்தனியாக, ஓரமெல்லாம் கறுப்பு அப்பிக்கொண்டு தெரிந்தன. துடைக்க வேண்டும். போன மாதமும் இதேபோல் படுத்து இதையே நினைத்தாள். கரண்டு வந்ததும் அழுக்கும் மறைந்தது, நினைப்பும் மறைந்தது. குளிர்சாதனப் பெட்டியும் ஓய்ந்துவிட்டது. அது இத்தனை நாள் முனகிக்கொண்டிருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிகிறது. ஆனாலும் காதுக்குள் ஒரு ரீங்காரம் மிச்சமிருந்தது. தறியின் மிச்சமா, ரத்தம் ஓடுகிற ஓசையா? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாலும் ஏதோ ஒன்று நிற்கமாட்டேன் என்கிறது. இதைத்தானே பெண்கள் கல்லூரி இயற்பியல் வகுப்பில் வருஷம் தவறாமல் கரும்பலகையில் எழுதி அழித்தோம், அப்போதெல்லாம் இது காதில் கேட்டதில்லையே என்று நினைத்துக்கொண்டாள். மேலே, மொட்டை மாடித் தகரக் கொட்டகையில், அவள் கணவர் சென்னியப்பன் காத்திருக்கிறார். அவர் குழாயில் இரண்டு தரம் தட்டுவார். தட்டினால் அவள் மேலே போக வேண்டும். போய் ஒரு விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான் காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

குழாயில் தட்டுவது அவர் கண்டுபிடித்த ஏற்பாடு. மேல்தொட்டியிலிருந்து சமையலறைக்கு இறங்குகிற இரும்புக் குழாயில் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் டீ வேண்டும், இரண்டு தட்டினால் வா. பக்கவாதம் வந்து அவருக்கு இடது கைகால் இழுத்துக்கொண்டபோது நாக்கும் சேர்ந்து தடித்துவிட்டது. மாடியிலிருந்து கூப்பிட்டால் அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை. நூற்பாலையில் எலெக்ட்ரிகல் போர்மேனாக இருந்தவர், இரைகிற எந்திரங்களுக்கு நடுவே ஆளைக் கூப்பிட்ட தொண்டை அது. அந்தத் தொண்டையோடு ஒரு பக்கமாகச் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். இட்லியை ஊட்டினால் விழுங்குவார். மகள் சுபத்ரா புனேயிலிருந்து போனில் முகம் காட்டி, "அப்பா, டாக்டர் சொல்லிட்டாரு, ஆறே மாசத்துல ஓடுவீங்க" என்று சிரிப்பாள். அவர் சுவரையே பார்ப்பார். அந்தச் சுவரில் என்ன இருந்தது என்று அவர் மருத்துவமனைக்குப் போயிருந்த ஒரு நாள் நாகமணி அதே கட்டிலில் அதே மாதிரி படுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சுண்ணாம்பு உப்பிய ஓரிடம், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மனுஷன் மாதக்கணக்கில் இருக்க முடியும் என்பதுதான் பயம். பிறகு ஒரு நாள் செல்போனில் ஏதோ ஒரு வெள்ளைக்காரன், வெற்றிடத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று இரண்டு தகட்டை வைத்துக்கொண்டு பேசினான். அதைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். மறுநாள் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார். அதற்கடுத்த வாரம் கம்பை ஊன்றிக்கொண்டு காயலான் கடைக்குத் தானே போய் அலுமினியத் தகடு வாங்கி வந்தார். செம்புக் கம்பி சுற்ற இரண்டு கை வேண்டும், ஒன்று போதாது. அதனால் செத்துக் கிடந்த இடது கையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டு, அதன் விரலைப் பிரித்து, கம்பியைப் பிடி என்று அதனோடு சண்டை போட்டார். அது பிடித்தது. நடுங்கிக்கொண்டு பிடித்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் கைதட்டினாள். ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தக் கையை எழுப்பியது ஒரு பொய் என்று நாகமணிக்குத் தெரியும், அந்தப் பொய்யை எடுத்துவிட்டால் கை என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. கை திரும்பவும் படுத்துக்கொள்ளுமா, அதோடு ஆளும் படுத்துக்கொள்வாரா, அந்த உப்பிய சுண்ணாம்பைத் திரும்பவும் பார்ப்பாரா? கூரைக்கு மேலே எங்கோ ஒரு சத்தம். மூச்சைப் பிடித்துக் கேட்டாள். காக்கை தகரத்தில் நடக்கிறது.

இருக்குதுங்க என்று சொன்னது தப்பு. அதிலேதான் நினைப்பு வந்து வந்து மாட்டிக்கொள்கிறது, சேலை நுனி ஆணியில் மாட்டுகிற மாதிரி. ஆரம்பத்தில் ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டார். "ஏ நாகு, நீ படிச்சவ சொல்லு. ஒண்ணுமே இல்லாத எடத்துல சக்தி இருக்குதா, இல்லியா?" அவள், "இருக்குதுங்க" என்றாள். உண்மைதான். எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. எடுக்க முடியுமா என்று அவர் கேட்கவில்லை, முடியாது என்று அவள் சொல்லவில்லை. பாதி உண்மை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு தட்டில் வலப் பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டு எழுந்தார். இடப் பக்கம் பார்வை போய்விட்டதால் தட்டிலும் அந்தப் பாதி அவருக்கு இல்லை. அவள்தான் வழக்கம்போல் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்து, "இன்னும் இருக்குதுங்க, உக்காருங்க" என்றாள். இருக்கிறது, ஆனால் உங்களுக்குத் தெரியவில்லை. இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது. வகுப்பில் இதைச் சொல்வது எவ்வளவு எளிதாக இருந்தது. ஒரு பொருளைக் குளிரவைத்துக்கொண்டே போங்கள், அதன் ஆட்டம் குறைந்துகொண்டே வரும், கடைசிப் படிக்கு வந்தாலும் ஆட்டம் முழுக்க நிற்காது, ஒரு பாதி மிஞ்சும். இங்கேதான் இருக்கிறது, ஆடாமலும் இருக்கிறது என்று இரண்டையும் ஒருசேரச் சொல்ல இயற்கை விடுவதில்லை. காற்றை எல்லாம் உறிஞ்சிவிட்ட வெறும் இடத்திலும் அந்தப் பாதித் துடிப்பு இருக்கும். பூஜ்யப் புள்ளி ஆற்றல் என்று எழுதி அடியில் கோடு போடுவாள். மூன்றாம் பெஞ்சிலிருந்து ஷகிலா பானு எழுந்தாள், எப்போதும் கையில் மருதாணியோடு வருகிற பெண். "மேடம், அந்தப் பாதிய எடுத்து ஏனுங் மேடம் பல்பு எரிக்கக் கூடாது?" எல்லோரும் சிரித்தார்கள். நாகமணி சிரிக்கவில்லை, நல்ல கேள்விக்குச் சிரிக்கிறவள் இல்லை அவள். தண்ணீர் இருந்தால் போதாது கண்ணு, அது போய் விழ ஒரு பள்ளம் வேண்டும் என்றாள். அணையிலிருந்து வாய்க்காலுக்கு விழுகிற தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். கடலில் இல்லாத தண்ணீரா, ஆனால் கடல் எங்கே போய் விழும்? இந்தப் பாதி, உலகத்தின் கடைசிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர். அதற்குக் கீழே வாளி இறங்காது. இரண்டு தகட்டை மயிரிழை இடைவெளியில் வைத்தால் வெற்றிடமே அவற்றை ஒன்றையொன்று நோக்கித் தள்ளும், நிஜம்தான், அளந்தே பார்த்துவிட்டார்கள். ஒட்டுகிறபோது ஒரு துளி வேலை கிடைக்கும். ஆனால் இன்னொரு தரம் வேண்டுமென்றால் தகடுகளைப் பிரிக்க வேண்டும், பிரிக்க வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மொய் மாதிரி. அந்த வார்த்தைக்கு வகுப்பு மறுபடி சிரித்தது. ஷகிலா பானு மட்டும் உட்காராமல் நின்றாள். "அப்ப அது எதுக்குங் மேடம் இருக்குது?" மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். நாளைக்கு வேறு பாடம். அந்தப் பெண்ணுக்கு இப்போது பிள்ளைகளே கல்லூரி போகிற வயதிருக்கும், அவளுக்கு இன்னும் பதில் பாக்கி.

தரையின் குளிர் முதுகு வழியாக மெல்ல ஏறியது. கண் தானாக மூடிக்கொண்டது. மூடிய கண்ணுக்குள் தறி ஓடிற்று, ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்தது, ஆனால் நூல் இல்லை, துணி இல்லை, வெறும் நாடா வெறும் காற்றை நெய்தது. இந்தப் பக்கத் தகட்டில் அவள், அந்தப் பக்கத் தகட்டில் அவர். நடுவே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் தள்ளுகிறது என்று யாரோ சொன்னார்கள், அவள் குரலிலேயே. ஒன்றுமில்லாததைக் கொண்டா முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினோம் என்று கேட்டவள் கனவிலும் கணக்குச் சரிபார்க்கிறவளாக இருந்தாள். அவர் பேச்சுக்காரர் இல்லை. மில்லிலிருந்து வந்தால் செய்தித்தாள், சாப்பாடு, படுக்கை. அவளும் விடைத்தாள் திருத்துவாள். எங்கேயாவது ஒரு ப்யூஸ் போனால்தான் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். அவள் டார்ச் பிடிப்பாள், அவர் பீஸ் கட்டையைப் பிடுங்குவார். பிடுங்கியதை மேஜைமேல் வைக்கமாட்டார். தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவார். எதுக்குங்க பையில் போட்டுக்கறீங்க என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். "இது எம்பட பையில கெடக்கற வரைக்கும் எவனும் லைனுக்கு உசுரு குடுக்க முடியாது. வெளிய வெச்சா, நல்லது செய்யறேன்னு எவனாச்சும் மாட்டிப்போடுவான்." மில்லில் அப்படி ஒருவன் நல்லது செய்து இன்னொருவன் போய்ச் சேர்ந்தானாம். செத்த லைனாக இருந்தாலும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்க்கிற மனுஷன். அப்பேர்ப்பட்டவருக்கா தெரியவில்லை? இங்கேயும் சேலை ஆணியில் மாட்டியது. கண்ணைத் திறந்தாள். மொட்டை மாடிக்கு ஓரமாகத்தான் தறிகளுக்குப் போகிற உயர் அழுத்த லைன் ஓடுகிறது. கொட்டகையிலிருந்து வெற்றிடத்தின் சக்தியைப் பிடிக்கிறேன் என்று நீளமாக ஒரு கம்பியை அதற்கு இணையாக இழுத்துக் கட்டியிருக்கிறார். லைனில் கரண்டு ஓடுகிற வரை அந்தக் கம்பியில் ஒரு துளி ஊறத்தான் செய்யும், ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு மினுங்க அது போதும். அந்தி நேரத்தில் முதலில் பார்த்தவள் துணி எடுக்கப் போன தனபாக்கியம். "அக்கா, அண்ணனோட பல்பு கரண்டே குடுக்காம எரியுதுங்க்கா" என்று மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு கூவினாள். நாகமணி மேலே போனாள், பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் லைனை நிமிர்ந்து பார்த்தாள், குனிந்தபோது அவர் முகத்தில் பாதி சிரித்துக்கொண்டிருந்தது. மற்றப் பாதி வழக்கம்போல் சும்மா இருந்தது. அந்தப் பாதிச் சிரிப்பின் மேல் எப்படித் தண்ணீர் ஊற்றுவது? வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு மூட்டு வலி என்று சாக்குச் சொல்லி மாடிக்கே போகவில்லை. போனால் கேட்பார், கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். நாகமணி டீச்சர் வாயில் பொய் வராது என்று ஊரில் பெயர். சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டையே உப்பு எச்சு என்று பந்தியில் சொன்னவள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் நேற்று அவர் கேட்டார். "நாளைக்கு லைனெல்லாம் செத்துக் கெடக்கும். அப்ப எரிஞ்சாத்தான் நெசம். எனக்கு மங்கல் வெளிச்சம் கண்ணுக்குப் புடிபடறதில்ல. நீ வந்து பாத்துச் சொல்லு, நாகு. நீ சொன்னாச் செரி." வாழ்க்கையில் அவளிடம் அவர் எதையும் பார்த்துச் சொல் என்று கேட்டதில்லை.

எரியுதுங்க. தரையில் படுத்தபடியே வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எரியுதுங்க, மங்கலா எரியுதுங்க. மங்கலா என்று சேர்த்தால் நம்பும்படியாக இருக்கிறது. பொய்க்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டியிருக்கிறது, அதைப் பழகாமல் விட்டுவிட்டோமே என்று நினைத்தாள். எரியலீங்க. இதையும் சொல்லிப் பார்த்தாள். இது வழுக்கிக்கொண்டு வந்தது, பழகிய வாய். ஆனால் இதைச் சொன்னதும் கண்ணுக்குள் சுவர் வந்து நின்றது, சுவருக்கு முன்னால் அவர் முதுகு, பனியனின் ஓட்டை வழியாகத் தெரிகிற தண்டுவடம். அந்த முதுகை இன்னொரு தரம் பார்க்கத் தனக்குச் சக்தி இல்லை. பூஜ்யமோ புள்ளியோ எந்தச் சக்தியும் இல்லை. அவருக்காக என்று சொல்லிக்கொள்கிறேன், எனக்காகத்தான். இதை நினைத்ததும் அழுகை வந்தது. யாரும் இல்லாததால் துடைக்காமல் விட்டாள், அது இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கி ரீங்காரத்தைக் கொஞ்சம் அடக்கிற்று. சரி, எரியுது என்றே வைத்துக்கொள்வோம். சொன்ன பிறகு? அவர் சுபத்ராவிடம் சொல்வார், சுபத்ரா ஐயோ சூப்பர்ப்பா என்பாள். தனபாக்கியம் தெருவுக்கெல்லாம் சொல்வாள், நாகமணி டீச்சரே பார்த்துச் சொல்லிவிட்டார்களாம் என்பாள். எவனாவது விவரம் தெரிந்தவன் வந்து லைனைக் காட்டிச் சிரிப்பான். அன்றைக்கு அவர் அவளைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை வரும்போது வரட்டும். இன்றைக்குக் கை கம்பியைப் பிடிக்கட்டும். ஒரு பொய்யை நம்பி ஒரு கை எழுந்திருக்கிறது, இன்னொரு பொய்யைக் கொடுத்தால் இன்னும் கொஞ்ச நாள் எழுந்திருக்கும், மனுஷர் எல்லோரும் அப்படித்தானே. முதன்முதலாகத் தன் முடிவு பிடித்துப்போனவளாகப் புரண்டு படுத்தாள். பக்கத்து வீட்டில் தனபாக்கியம் போர்வையைக் கல்லில் அடிக்கிற சத்தம் கேட்டது. அடி, இடைவெளி, அடி. இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. அந்த இடைவெளி ஒன்றில்தான் அவள் தூங்கிப்போயிருக்க வேண்டும், ஏனென்றால் குழாயில் இரண்டு தட்டு விழுந்தபோது அது தலைக்குள் விழுந்ததுபோல் இருந்தது.

படி ஏறுகிறபோது முழங்கால் நிஜமாகவே வலித்தது. சாக்குச் சொன்ன வலி சொன்னபடி வந்து சேர்ந்துவிட்டது. முந்தானையை இடது கையில் சுற்றிக்கொண்டு, எரியுதுங்க மங்கலா எரியுதுங்க என்று படிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே ஏறினாள். மேலே வெயில் வெள்ளையாக அடித்தது. லைன் கம்பிகள் சும்மா தொங்கின, ஒரு மைனா அதில் உட்கார்ந்திருந்தது. கொட்டகை வாசலில் அவர் நின்றார். இஸ்திரிப் பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவளுக்காக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார். மேஜைமேல் தகடுகளும் கம்பிச் சுற்றும், அதற்குப் பக்கத்தில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு சின்ன மேடு. வெயிலில் மங்கல் வெளிச்சம் தெரியாது என்று துணி போர்த்தியிருக்கிறார். ஒழுங்கான ஆய்வுக்கூடம். தன் மாணவிகள்கூட இவ்வளவு சுத்தமாக மேஜையை வைத்துக்கொண்டதில்லை என்று தோன்றியது.

"கால் வலிக்குதா?" என்றார்.

"இல்லீங்க."

"பாரு. துணிக்குள்ள தலைய உட்டுப் பாத்துப்போட்டுச் சொல்லு."

அவள் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது. ஆனால் பாடம் நடத்தியவள், பார்க்காமல் எழுதிய அளவை ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதவள். பொய் சொல்வதாக இருந்தாலும் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை. குனிந்து கறுப்புத் துணியைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டாள். உள்ளே இருட்டு, மெஷின் எண்ணெய் வாடை, தன் மூச்சின் சூடு. வெயிலிலிருந்து வந்த கண்ணில் பச்சையும் சிவப்புமாக வட்டங்கள் மிதந்தன. அவை அடங்கக் காத்திருந்தாள். அடங்கின. இருட்டு இருட்டாகவே இருந்தது. எரியுதுங்க என்று வாயைத் திறந்தவள், அளவு பார்க்கிற பழக்கத்தில் கையை நீட்டி ஹோல்டரைத் தொட்டாள். விரல் நேரே உள்ளே போயிற்று.

"ஏனுங், பல்பே இல்லீங்களே."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. துணியை விலக்கி நிமிர்ந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஏதோ புடைத்திருந்தது. வலது கையால் எடுத்துக் காட்டினார். சின்ன வெள்ளைப் பல்பு. பீஸ் கட்டையைப் போட்டுக்கொள்கிற அதே பை.

"லைன் கரண்டுன்னு எனக்குத் தெரியாதா நாகு?" தடித்த நாக்கில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். "மொத நாளே தெரியும். தகடு, கம்பி, சுத்தறது, எல்லாம் இந்தக் கைக்காவ. கை வந்துச்சு. வந்த வரைக்கும் வந்துச்சு. ஆனாப் பாரு, ஒண்ணரை வருசமா எல்லாரும் எங்கிட்ட எரியுது எரியுதுன்னே சொல்றீங்க. எல்லாம் செரியாயிரும்னு டாக்டரு எரியுதுங்கறான். புள்ள எரியுதுங்கறா. நீ ஒண்ணுஞ் சொல்லாம எறங்கிப் போனே. நீயே பொய் சொல்ற அளவுக்கு நான் ஆயிட்டனான்னு பாக்கோணும்னு இருந்துச்சு. அப்படீன்னா நான் போயிட்டேன்னு அர்த்தம். அதான் பல்பக் கழட்டி வெச்சேன்."

நாகமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். தப்பித்தோம் என்று ஒரு கணம் இருந்தது. அந்தக் கணம் மைனா பறக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

"நான் எரியுதுன்னு சொல்லத்தானுங்க வந்தேன்," என்றாள். "கை தட்டுப்பட்டுப் போச்சு. இல்லீன்னாச் சொல்லியிருப்பேன். நீங்க திரும்பச் சொவத்தப் பாத்துப் படுத்துக்குவீங்கன்னு பயமுங்க."

அவர் பல்பைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு முகத்தின் ஒரு பாதி சிரித்தது. "படியில வரப்பவே முந்தானையக் கையில சுத்தியிருந்தே. மூட்டு வலின்னு சொல்றப்பவும் அப்படித்தான் சுத்துவே." ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார். "செரி. இப்பச் சொல்லு. இந்தக் கை முழுசா வருமா?"

"வராதுங்க."

"கண்ணு?"

"அதும் வராதுங்க."

"செரி" என்றார். தலையிலிருந்து சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி தோள் தாழ்ந்தது. அவள் அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் உள்ளே ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டேயிருந்தது, நிறுத்த முடியாத, எதற்கும் உதவாத ஒரு சின்ன நடுக்கம். அதை வைத்துக் குண்டூசி முனையளவு வெளிச்சம் போட முடியாது. ஹீலியம் என்று ஒரு வாயு உண்டு ஷகிலா பானு, அதை எவ்வளவுதான் குளிரவைத்தாலும் தானாக உறைந்து கட்டியாகாது, அந்தப் பாதித் துடிப்பு அதை உறையவிடாது. அதற்குத்தான் இருக்கிறது போல என்று மனசுக்குள் பதில் சொன்னாள். இவ்வளவு சின்னப் பதிலுக்கு இத்தனை வருஷமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"நாளைக்கு என்னங்க பண்ணுவீங்க?" அந்தப் பயம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

"தனபாக்கியத்தோட கிரைண்டரு ஓடறதில்லியாமா. கொண்டாரச் சொல்லியிருக்கறேன். ரெண்டு கை வேணும். ஒண்ணரை இருக்குது. நீ வந்து மிச்சத்தப் புடி."

எங்கோ தெருக்கோடியில் ஒரு தறி ஒருமுறை இருமிற்று. பிறகு இன்னொன்று. பிறகு ஊர் முழுக்க ஒரேயடியாகச் சத்தம் எழுந்து தகரக் கூரையை அதிரச் செய்தது. பக்கத்து வீட்டில் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். அவர் எழுந்து, வலது கையால் பல்பை ஹோல்டரில் வைத்து, இடது கை நடுங்க நடுங்க ஹோல்டரைப் பிடித்துக்கொள்ள, மெல்லத் திருகினார். அவள் உதவவில்லை. கறுப்புத் துணியைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினார்.

"பாத்துச் சொல்லு."

அவள் குனிந்து துணிக்குள் தலையை விட்டாள். வட்டங்கள் அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"எரியுதுங்க," என்றாள். "மங்கலா எரியுதுங்க."

"எங்கிருந்து வருதாமா?"

"லைன்லிருந்துங்க."

"அதானே" என்று அவர் ஸ்பேனரை எடுத்துக் குழாயில் ஒரு தட்டுத் தட்டினார். கீழே டீ போட யாரும் இல்லை என்பது ஞாபகம் வர இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.